பொது நிர்வாக மேற்படிப்பு: மாஸ்டர்ஸ் வேண்டுமா, டிப்ளமா போதுமா?

மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்ன வாரமே என் ஆயா அக்கம்பக்கம் முழுக்க, "பேரன் பிசினஸ் படிக்கிறான், கடை வைக்கப் போறான்" என்று சொல்லி முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பொது நிர்வாகம், வணிக நிர்வாகம் இரண்டும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து (MPA, MBA) வித்தியாசப்படும் பட்டங்கள். தமிழில் எழுதினால் இரண்டுமே எம்.பி.ஏ. தான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க 'பொது நிர்வாக மாஸ்டர்ஸ்' என்று நீட்டியே எழுதுகிறேன்.

இந்த ஆண்டு இங்கே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம், மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அரசுப் பணியில் மேலே போக மாஸ்டர்ஸ் வேண்டுமா, டிப்ளமா போதுமா? சாட்ஸ்வர்த்தில் இருக்கும் 24 வயதுத் தங்கை ஒருத்தி: அரசியல் அறிவியலில் பி.ஏ. முடித்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மாகாணத் துறை ஒன்றில் பயிற்சிப் பணியில் இருக்கிறாள். ஃபீனிக்ஸில் இருக்கும் 41 வயதுத் தம்பி: அரசுச் சம்பள ஏணியில் லெவல் 11, டெபுடி டைரக்டர், கையில் இளநிலைப் பட்டம். டைரக்டர் பதவிக்குக் கண் வைத்திருக்கிறார். "மாஸ்டர்ஸ் இல்லாமல் டைரக்டர் ஆக முடியாது" என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். மூன்றாவது, வெருலத்தில் ஓர் அக்கா. 47 வயது, மாநகராட்சி ஊழியர், டெக்னிக்கான் என்ற பழைய தொழில்நுட்பக் கல்லூரிகளின் காலத்து மூன்றாண்டு நேஷனல் டிப்ளமா வைத்திருக்கிறார்.

அப்பா தலைமுறைக்கு இந்தக் குழப்பமே கிடையாது. இந்தியருக்கென்று 1961-இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவின் பழைய கடற்படைக் கட்டடங்களில் தொடங்கிய கல்லூரி, இல்லாவிட்டால் தபால் வழியில் யூனிசா என்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம். பெரும்பாலோருக்கு அந்த இரண்டு வாசல்தான் தெரியும். இன்று வாசல்கள் பல. எந்த வாசல் எந்த அறைக்குப் போகிறது என்று பார்க்காமல் நுழைபவர்களும் பலர்.

## முதலில் அளவுகோல்கள்

எந்த நாற்காலி? படிப்பைத் தேடுவதற்கு முன் பதவி விளம்பரத்தைத் தேடுங்கள். பொதுச் சேவை நிர்வாகத் துறையின் காலிப் பணியிட அறிக்கை வாரந்தோறும் வருகிறது. நீங்கள் உட்கார நினைக்கும் நாற்காலிக்கான விளம்பரங்கள் ஒரு பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, 'தேவை' என்ற பகுதியை மட்டும் படியுங்கள். அங்கே பட்டத்தின் பெயரைவிட தேசியத் தகுதிச் சட்டகத்தின் நிலை எண், அதாவது என்.கியூ.எஃப் எண், முக்கியமாக நிற்கும். நேஷனல் டிப்ளமா 6. இளநிலைப் பட்டமும் அட்வான்ஸ்டு டிப்ளமாவும் 7. ஹானர்ஸும் பி.ஜி. டிப்ளமாவும் 8. மாஸ்டர்ஸ் 9. டாக்டர் பட்டம் 10.

இப்போது அந்த ஃபீனிக்ஸ் தம்பியைப் பயமுறுத்திய விஷயத்துக்கு வருவோம். மூத்த மேலாண்மைப் பதவிகளுக்கான 2015 ஆணைப்படி டைரக்டருக்கும் (லெவல் 13) சீஃப் டைரக்டருக்கும் (லெவல் 14) குறைந்தபட்சத் தேவை நிலை 7. டெபுடி டைரக்டர் ஜெனரல், அதற்கும் மேலே துறைத் தலைவர் என்ற இடங்களில்தான் நிலை 8 வருகிறது. நிலை 9 கட்டாயம் என்று அந்த ஏணியில் எந்தப் படியிலும் இல்லை. மாகாணத் துறை ஒன்றின் உச்சி நாற்காலிக்கே பி.ஜி. டிப்ளமா கணக்குத் தீர்த்துவிடுகிறது! இதைச் சொன்னபோது அந்தத் தம்பி ஒரு நிமிடம் பேசவில்லை. பாதி விண்ணப்பம் பூர்த்தியாகிக் கையில் இருந்தது.

குறைந்தபட்சம் என்பது வேறு, தேர்வாவது என்பது வேறு என்பதும் உண்மை. ஷார்ட்லிஸ்ட் செய்யும் மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நூற்றுக்கணக்கில் இசட்-83 என்ற அரசு வேலை விண்ணப்பப் படிவங்கள் குவியும்போது மாஸ்டர்ஸ் ஒரு கூடுதல் எடைதான். ஆனால் டைரக்டருக்கு இடைநிலை அல்லது மூத்த மேலாளராக ஐந்தாண்டு அனுபவம் கேட்கிறார்கள். அது இல்லாதவரை எந்தப் பட்டமும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை.

எத்தனை மணி நேரம்? எல்லாப் பல்கலைக்கழகமும் 'பகுதி நேரம், இரண்டு ஆண்டு' என்றுதான் விளம்பரம் செய்யும். கிரெடிட்டைப் பாருங்கள். ஒரு கிரெடிட் பத்து மணி நேர உழைப்பு. பி.ஜி. டிப்ளமா 120 கிரெடிட், அதாவது 1,200 மணி. மாஸ்டர்ஸ் குறைந்தது 180 கிரெடிட், 1,800 மணி. ஆண்டுக்கு 45 வாரம் படிக்க முடியும் என்று வைத்துக்கொண்டால், இரண்டாண்டில் மாஸ்டர்ஸ் முடிக்க வாரம் 20 மணி வேண்டும். அதே இரண்டாண்டில் டிப்ளமா என்றால் வாரம் 13 மணி சொச்சம். டிப்ளமாவை ஓராண்டில் முடித்துவிடுகிறேன் என்று கிளம்பினால் வாரம் 27 மணி ஆகிவிடும், அது மாஸ்டர்ஸைவிடக் கடுமை. என்-3 சாலையில் தினமும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் வருபவர் இந்த எண்ணைக் கணவனிடமோ மனைவியிடமோ காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

யார் பணம்? அரசின் மாணவர் நிதித் திட்டம் அடிப்படையில் இளநிலைக்கானது, மாஸ்டர்ஸுக்கு அதை நம்ப வேண்டாம். தேசிய ஆராய்ச்சி நிதியத்தின் உதவித்தொகைக்கு வயது வரம்பு உண்டு: ஹானர்ஸுக்கு 28, மாஸ்டர்ஸுக்கு 30. முழுநேரமாகவும் படிக்க வேண்டும். வேலையில் இருப்பவருக்கு மிஞ்சுவது துறை தரும் பர்சரி, அதாவது கல்விப் பணம், அல்லது சொந்தப் பை.

ஆய்வேடு உண்டா? இதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அங்கீகாரம். உயர்கல்வித் துறையில் நிறுவனம் பதிவாகியிருக்கிறதா, குறிப்பிட்ட அந்தப் படிப்பை உயர்கல்வி மன்றம் ஏற்றிருக்கிறதா, தகுதிகளைப் பதிவு செய்யும் தேசிய ஆணையமான சாக்காவின் பட்டியலில் அதற்கு எண் இருக்கிறதா? மூன்றையும் பாருங்கள். நிறுவனம் பதிவாகியிருந்தாலே அதன் எல்லாப் படிப்பும் செல்லும் என்று நினைப்பது தவறு.

## வழி 1: தேசிய அரசுப் பள்ளியின் குறும்படிப்புகள்

தேசிய அரசுப் பள்ளி 2013-இல் பாலாமா என்ற பழைய பயிற்சி அமைப்பின் இடத்தில் வந்தது. இதன் படிப்புகள் பட்டம் தராது, ஆனால் கதவைத் திறக்கும். உதாரணம் நியுகேலா. 2020 ஏப்ரல் முதல், மூத்த மேலாண்மைப் பதவிக்கு நியமனம் பெறுவதற்கு முன் இந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இணையத்திலேயே முடிக்கலாம், மாஸ்டர்ஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் காசு கணக்கிலேயே வராது. இரண்டரை லட்சம் ராண்ட் கடன் வாங்கவும் தயாராக இருக்கும் சிலர் நியுகேலா என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எனக்கு இது புரிவதே இல்லை.

மறைந்த செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குறை என்னவென்றால் இவை கிரெடிட்டாகச் சேராது. பத்துக் குறும்படிப்புச் சான்றிதழ்களை அடுக்கினாலும் நிலை 7 நிலை 8 ஆகாது. சில அதிகாரிகளின் சுயவிவரத்தில் இரண்டு பக்கம் முழுக்க 'மூன்று நாள் பயிலரங்கு' வரிசையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். குழு அதைப் புரட்டிவிட்டுப் போய்விடும்.

தேவையான என்.கியூ.எஃப் நிலையும் அனுபவமும் ஏற்கெனவே இருந்து, சான்றிதழ் மட்டும் குறைகிறதென்றால் இந்த வழி. அரசு வேலையைப் பணித்தகுதி சார்ந்ததாக மாற்றும் தேசியச் சட்டகத்தை 2022-இல் அமைச்சரவை ஏற்ற பிறகு, இப்படிப்பட்ட நுழைவு நிபந்தனைகள் கூடுமே தவிரக் குறையாது.

## வழி 2: பி.ஜி. டிப்ளமா அல்லது ஹானர்ஸ்

என் சார்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருக்கும் பத்துப் பேர் வந்தால் ஏழு பேரை நான் இங்கேதான் அனுப்புவேன்.

இரண்டும் நிலை 8, இரண்டும் 120 கிரெடிட், ஆனால் குணம் வேறு. ஹானர்ஸ் ஆய்வுக்கான படிக்கட்டு; கோட்பாடும் ஆய்வு முறையும் ஒரு சிறு ஆய்வுத் திட்டமும் இருக்கும். பி.ஜி. டிப்ளமா வேலைக்கான படிப்பு. வரவு செலவுத் திட்டம், கொள்கை, பொது நிதி மேலாண்மைச் சட்டம், கொள்முதல் விதிகள் என்று நாளை அலுவலகத்தில் கோப்பைத் திறக்கும்போது கைகொடுப்பவை. ஸ்டெலன்போஷின் பொதுத் தலைமைப் பள்ளி, விட்ஸின் ஆளுகைப் பள்ளி போன்றவை டிப்ளமா நடத்துகின்றன. யூனிசாவில் பொது நிர்வாகத்தில் ஹானர்ஸ் உண்டு.

டிப்ளமா முடித்தவர் பிறகு மாஸ்டர்ஸுக்குப் போகலாம். ஆனால் வழி எப்போதும் நேராக இருக்காது. ஆய்வு முறைப் பாடம் இல்லாத டிப்ளமா என்றால், சில மாஸ்டர்ஸ் துறைகள் கூடுதலாக ஒரு பாடம் எழுதச் சொல்லும். சேரும் முன்பே, "இதற்குப் பிறகு உங்கள் மாஸ்டர்ஸுக்கு நேராக வரலாமா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

மறைந்த செலவு நேரம்தான். வகுப்பு வாரங்கள் உங்கள் ஆண்டு விடுப்பைத் தின்னும். அரசுப் பணியில் பத்தாண்டுக்குள் இருப்பவருக்கு ஆண்டு விடுப்பு 22 வேலை நாள். ஐந்து நாள் வகுப்பு நான்கு முறை என்றால் மீதி இரண்டு நாள். துறை சிறப்பு விடுப்பு தருமா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்காவிட்டால், தீபாவளிக்கும் காவடிக்கும் சம்பளமில்லா விடுப்புத்தான். தைப்பூசக் காவடிக்கு விரதம் பிடித்துக்கொண்டு பதிவு வரிசையில் நின்றவன் நான், அந்தச் சோர்வு தெரியும்.

## வழி 3: வகுப்புக்குப் போய்ப் படிக்கும் மாஸ்டர்ஸ்

ஜோகனஸ்பர்க் பார்க்டவுனில் இருக்கும் விட்ஸ் ஆளுகைப் பள்ளி (அங்கே பட்டத்தின் பெயர் மேலாண்மை மாஸ்டர்ஸ்), கேப்டவுன் பெல்வில்லில் இருக்கும் ஸ்டெலன்போஷ் பள்ளி, நம் பக்கத்தில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம். சாலிஸ்பரி தீவில் தொடங்கிய அந்தக் கல்லூரி பிறகு வெஸ்ட்வில்லுக்கு மாறி, 2004 இணைப்பில் சேர்ந்தது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான்.

இந்த வழியின் உண்மையான லாபம் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர். கருவூலத்தில் இருப்பவர், மாநகராட்சி மேலாளர், தணிக்கை அலுவலகத்துக்காரர், தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர் எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள். மாநகரக் குடிநீர்க் கட்டணத்தைப் பற்றி என் வகுப்பில் நடந்த ஒரு மணி நேரச் சண்டையில் நான் கற்றதை எந்தப் புத்தகத்திலும் கற்றதில்லை. பத்தாண்டு அனுபவத்தோடு உள்ளே போனால் இந்த லாபம் முழுசாகக் கிடைக்கும். 23 வயதில் போனால் சண்டையை வேடிக்கை பார்க்கலாம்.

இப்போது ஆய்வேடு. மாஸ்டர்ஸின் பாடப்பகுதியை முடித்துவிட்டு ஆய்வேட்டில் நின்றுபோனவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். என் கதையைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். பாடங்களை ஒன்றரை ஆண்டில் முடித்தேன். நெறியாளர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். புதிதாக வந்தவருக்குத் தலைப்பே பிடிக்கவில்லை, மாற்றச் சொன்னார். அப்புறம் என் துறை ஊழியர்களை நேர்காணல் செய்ய, என் துறையிடமே அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. மூன்றாவது மாடியில் நான், ஐந்தாவது மாடியில் கையெழுத்துப் போட வேண்டியவர். அந்த இரண்டு மாடியை ஏற ஐந்து மாதம் ஆயிற்று. அந்தக் கடிதம் இல்லாமல் நெறிமுறைக் குழு ஒப்புதல் கிடையாது, அந்த ஒப்புதல் இல்லாமல் ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது. இரண்டாண்டுப் படிப்பு நான்காண்டு ஆனது. கூடுதலாக இரண்டு முறை பதிவுக் கட்டணம், மொழி திருத்துபவருக்குத் தனியாக ஒரு தொகை. எல்லாம் முடிந்து பதவி உயர்வு வந்தபோது, விளம்பரத்தில் கேட்டிருந்தது நிலை 7.

வருத்தப்படுகிறேனா? இல்லை. கேள்வி ஒன்று உள்ளே அரித்துக்கொண்டிருந்ததால்தான் படித்தேன், விடையும் கிடைத்தது. ஆனால் பதவிக்காக மட்டும் போயிருந்தால் நான்காண்டை இழந்திருப்பேன்.

மறைந்த செலவுகளில் பயணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். டர்பனிலிருந்து ஜோகனஸ்பர்க் சாலை வழியில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். கேப்டவுனுக்கு விமானம்தான். தங்குமிடமும் சேர்த்தால் சில ஆண்டுகளில் அது கட்டணத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். துறையின் பர்சரி பெரும்பாலும் கட்டணத்தை மட்டும் கட்டும்.

கொள்கை வகுக்கும் பிரிவு, ஆலோசகர் வேலை, விரிவுரையாளர், பிறகு டாக்டர் பட்டம் என்று போக நினைப்பவருக்கு இந்த வழி சரி. கையில் ஓர் ஆய்வுக் கேள்வியும் துறையில் ஒரு ஆதரவாளரும் இருந்தால் இன்னும் சரி.

## வழி 4: தொலைவில் இருந்தபடியே மாஸ்டர்ஸ்

யூனிசா 1873-இல் தொடங்கியது, 1946 முதல் தொலைநிலைக் கல்வி நடத்துகிறது. பொதுப் பல்கலைக்கழகங்களில் பணம் மிச்சமாகும் வழி பெரும்பாலும் இதுதான். ஒன்றைக் கவனியுங்கள்: யூனிசாவின் பல மாஸ்டர்ஸ் படிப்புகள் ஆய்வேடு மட்டுமே, வகுப்புப் பாடம் கிடையாது. அதாவது நான் மேலே அழுத அந்தப் பகுதி 1,800 மணி முழுக்க. தானாக உட்கார்ந்து எழுதும் பழக்கம் உள்ளவருக்குச் சொர்க்கம். மற்றவர்கள் ஆண்டாண்டாகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொது மேலாண்மைத் துறையில் ஆய்வேட்டு மாஸ்டர்ஸ் செய்பவர்களுக்கும் இதே கணக்குத்தான், நெறியாளர் பக்கத்து ஊரில் இருப்பது மட்டும் வசதி.

தனியாரில் மான்கோசா நம் டர்பனில் 1995-இல் தொடங்கியது, தொலைநிலையில் பொது நிர்வாக மாஸ்டர்ஸ் தருகிறது. பாடமும் ஆய்வும் கலந்தது, தவணையில் கட்டலாம், நிர்வாகம் வேகமானது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். தனியார் என்பதால் நேர்காணல் குழு மதிப்பைக் குறைத்துப் பார்க்குமா என்று கேட்கிறீர்கள். அங்கீகாரம் இருந்தால் நிலை எண் ஒன்றேதான், படிவத்தில் அதற்கு மேல் கேள்வி இல்லை. கல்வித் துறையில் ஆய்வாளராகப் போக வேண்டுமென்றால் மட்டும் பொதுப் பல்கலைக்கழகத்தின் நெறியாளர் வலைப்பின்னல் கூடுதலாக உதவும்.

இந்த வழியில் மறைந்த செலவு தனிமை. டேட்டா, மின்சாரம், புத்தகம் எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம். வாரக்கடைசியில் பன்னி சௌவோடு (ரொட்டிக்குள் கறிக்குழம்பு) கூடும் குடும்பத்தை விட்டு, கேட்க ஆளில்லாத அறையில் உட்கார்ந்து படிப்பது வேறு. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பதிவு செய்தால் முடிக்கும் வாய்ப்பு கூடும் என்பது என் அனுபவம்.

## வழி 5: இந்தியப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பட்டம்

தமிழர் வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. இக்னோவின் பொது நிர்வாக எம்.ஏ. மலிவு, உறவினர் ஒருவர் படித்திருப்பார், "அதையே எடேன்" என்பார். பாடம் தரமானதுதான். ஆனால் அது பேசுவது இந்திய அரசியலமைப்பு, மாவட்ட ஆட்சியர், பஞ்சாயத்து ராஜ். நம் நேர்காணலில் கேட்பது அரசியலமைப்பின் 195-ஆம் பிரிவு, 1997-இன் பாத்தோ பேலே ('மக்களே முதல்') கோட்பாடுகள், 1999-இன் பொது நிதி மேலாண்மைச் சட்டம், 2003-இன் மாநகர நிதி மேலாண்மைச் சட்டம்.

அப்புறம் சாக்கா. வெளிநாட்டுப் பட்டம் எதுவானாலும் சாக்கா அதை மதிப்பிட்டு எந்த நிலைக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு, பட்டம் தந்த இடத்திலிருந்து சரிபார்ப்பு வரும்வரை காத்திருப்பும் உண்டு. விளம்பரம் மூடும் தேதி உங்களுக்காகக் காத்திருக்காது. ஆர்வத்துக்காக, இந்திய நிர்வாகத்தை ஒப்பிட்டுப் படிக்க என்றால் நல்லது. பதவிக்காக என்றால் நான் சொல்ல மாட்டேன்.

## வணிக நிர்வாகம் என்ற இன்னொரு எம்.பி.ஏ.

சுருக்கமாக: டிரான்ஸ்நெட், எஸ்கோம் போன்ற அரசு நிறுவனங்களுக்கோ தனியாருக்கோ தாவும் எண்ணம் இருந்தால் வணிக நிர்வாகம். மாகாணத் துறையிலோ மாநகராட்சியிலோ ஓய்வு பெறும்வரை இருக்கும் எண்ணமென்றால் பொது நிர்வாகம். ஆயா சொன்னபடி கடை வைப்பதென்றால் இரண்டும் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | நிலை | உழைப்பு | ஆய்வேடு | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| குறும்படிப்பு, நியுகேலா | பட்டம் இல்லை | நாட்கள், வாரங்கள் | இல்லை | கிரெடிட் சேராது | நிலையும் அனுபவமும் ஏற்கெனவே உள்ளவர் |
| பி.ஜி. டிப்ளமா | 8 | 1,200 மணி | பொதுவாகச் சிறிது, சிலவற்றில் இல்லை | விடுப்பு நாட்கள் | நடுப்பணியில் மேலே ஏறுபவர் |
| ஹானர்ஸ் | 8 | 1,200 மணி | சிறு ஆய்வு | முழுநேரமென்றால் வேலைக்குப் போகாத ஓராண்டு | புதிய பட்டதாரி, ஆய்வு நோக்கம் |
| வகுப்பு மாஸ்டர்ஸ் | 9 | 1,800 மணி | உண்டு | பயணம், நீளும் ஆண்டுகள் | கொள்கை, ஆலோசனை, விரிவுரை |
| தொலைநிலை மாஸ்டர்ஸ் | 9 | 1,800 மணி | பாதி அல்லது முழுக்க | தனிமை, மறுபதிவு | தன்னொழுக்கம் உள்ளவர் |
| இந்தியத் தொலைநிலை | சாக்கா சொல்வது | இரண்டாண்டு | படிப்பைப் பொறுத்து | மதிப்பீட்டுக் காத்திருப்பு | ஆர்வத்துக்காகப் படிப்பவர் |

## பர்சரிக் கையெழுத்துக்கு முன்

துறை பணம் கட்டுகிறது என்றால் அது இலவசம் இல்லை. வழக்கமாக ஓராண்டுப் படிப்புக்கு ஓராண்டு அதே துறையில் வேலை செய்து கழிக்க வேண்டும். அதற்குள் வேறு துறையில் நல்ல பதவி கிடைத்தால்? மாறும்போது அந்தக் கடப்பாடும் கூடவே மாறுமா, அல்லது மீதியைப் பணமாகக் கட்ட வேண்டுமா? இதை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். இரண்டாவது, படிப்பை முடிக்காவிட்டால் திருப்பித் தருவேன் என்ற நிபந்தனை அதில் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. உங்களுக்காக முதலாளி கட்டும் கல்விச் செலவு வருமான வரியிலிருந்து விலக்குப் பெற அந்த நிபந்தனை இருந்தே ஆக வேண்டும். ஆகவே நிபந்தனை நல்லதுதான். ஆய்வேட்டில் நின்றுபோனால் கழுத்தைப் பிடிப்பதும் அதுவேதான்.

## அந்த மூன்று பேர்

சாட்ஸ்வர்த் தங்கைக்கு: பயிற்சிப் பணியை விடாதே. இப்போதைக்கு மாஸ்டர்ஸ் வேண்டாம். நுழைவுநிலைப் பதவிகளுக்கு முன் அனுபவம் கேட்கக் கூடாது என்று 2019 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது, அதனால் விண்ணப்பித்துக்கொண்டே இரு. யூனிசா ஹானர்ஸை இரண்டாண்டில் பரப்பிப் படி. ஆய்வு பிடிக்கிறதா என்று ஹானர்ஸிலேயே தெரிந்துவிடும். பிடித்துவிட்டால் 30 வயதுக்குள் முழுநேர மாஸ்டர்ஸுக்கு ஆராய்ச்சி நிதியத்தின் கதவு திறந்திருக்கும்.

ஃபீனிக்ஸ் தம்பிக்கு: டைரக்டருக்கு வேண்டிய நிலை 7 உங்களிடம் இருக்கிறது. இந்த மாதமே நியுகேலாவை முடியுங்கள். டெபுடி டைரக்டராக ஐந்தாண்டு ஆகிவிட்டதா என்று கணக்குப் போட்டு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். இன்னும் மேலே போகும் எண்ணம் இருப்பதால் பி.ஜி. டிப்ளமாவில் சேருங்கள், இரண்டாண்டுக் கணக்கில். மாஸ்டர்ஸ் விண்ணப்பத்தைக் கிழிக்க வேண்டாம், டிராயரில் போடுங்கள்.

வெருலம் அக்காவுக்குப் பதில் கொஞ்சம் நீளம். நேஷனல் டிப்ளமா நிலை 6. நேராக மாஸ்டர்ஸ் என்று ஆசை காட்டியவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். முறையான வழி அட்வான்ஸ்டு டிப்ளமா, அது நிலை 7, 120 கிரெடிட். அதன் பிறகு பி.ஜி. டிப்ளமா. முன் கற்றல் அங்கீகாரம் என்ற வழியில் அனுபவத்தைக் காட்டி நேராக பி.ஜி. டிப்ளமாவுக்குள் நுழைய முடியும், பல்கலைக்கழகங்கள் குறைந்த எண்ணிக்கையில் அப்படிச் சேர்க்கின்றன. ஆனால் சில மேல்நிலை விளம்பரங்கள் இளநிலைத் தகுதி 7, மேல்நிலைத் தகுதி 8 என்று இரண்டையும் கேட்கும். அங்கே 7 இல்லாமல் 8 மட்டும் காட்டினால் குழு தயங்கும். அவர் இருப்பது மாநகராட்சி நிதிப் பிரிவு என்பதால் இன்னொன்றும் இருக்கிறது: தேசியக் கருவூலத்தின் 2007 குறைந்தபட்சத் திறன் விதிகள். அந்தப் பயிற்சி முடிந்திருக்கிறதா என்று முதலில் மனிதவளப் பிரிவில் கேட்கட்டும். முடியவில்லையென்றால் அதுதான் முதல் வேலை, அதற்கு மாநகராட்சி பணம் கட்ட வாய்ப்பு அதிகம். 47-இல் தொடங்கினால் 51-க்குள் நிலை 8 கையில் இருக்கும், 65 வரை 14 ஆண்டு பாக்கி.

விண்ணப்பத் தேதிகள் இடத்துக்கு இடம் மாறும். பல இடங்களில் அடுத்த ஆண்டுக்கான கதவு செப்டம்பர், அக்டோபரில் மூடும். நம் கணக்கில் அது புரட்டாசி. விரதம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டு, சென்ற ஆண்டைக் கோட்டை விட்டவர் அந்த வெருலம் அக்காதான். இந்த முறை ஆடியிலேயே சான்றிதழ் நகல்களில், நகலைச் சரிபார்க்கும் உறுதிமொழிக் கமிஷனரின் முத்திரை வாங்கிவிட்டாராம்.